குதிரையைத் தொடாத கட்டைவிரல்

வேலூர்ப் பக்கம் கைத்துப்பாக்கிக்கு லைசென்ஸ் வைத்திருக்கும் நாலு பேர் ஒன்றாக உட்கார்ந்தால், பேச்சு எங்கெங்கோ சுற்றிவிட்டு ஒரு வாக்கியத்தில் வந்து நிற்கும். "ட்ரிகர் கனமா கீதா? அப்போ இன்னா பயம் நைனா, அது தானா வெடிக்காது." சொல்பவர் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்தவராக இருப்பார். இல்லாவிட்டால் ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் தோல் வியாபாரம் பார்ப்பவராக, சம்பள நாளில் பணப்பையோடு காரில் போகிறவராக இருப்பார். கேட்பவர் தலையாட்டுவார். இது முழுப் பொய்யாக இருந்தால் எப்போதோ செத்திருக்கும். பாதி சரியாக இருப்பதால்தான் இத்தனை நாள் உயிரோடு இருக்கிறது. கனமான விசை, அதாவது பலமாக இழுத்தால்தான் நகரும் ட்ரிகர், ஒரு காரியத்தை நன்றாகச் செய்கிறது, இன்னொன்றைக் கெடுக்கிறது. எது எது என்று பிரித்துப் பார்க்காமல் தலையாட்டுவதுதான் உறுத்துகிறது.

முதலில் சொற்களைச் சரி செய்துகொள்ளலாம். நாளிதழ்களில் குதிரையையும் விசையையும் குழப்பி எழுதுகிறார்கள். பழைய அகராதிகளில் துப்பாக்கிக் குதிரை என்றால் பின்பக்கம் எழும்பி நின்று, விழுந்து அடிக்கும் உறுப்பு. ஜவ்வாது மலையில் அவ்வப்போது பிடிபடும் நாட்டுத் துப்பாக்கியில் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்து நிறுத்துகிறார்களே, அதுதான் குதிரை. ஆள்காட்டி விரல் இழுப்பது விசை. குதிரையைக் கையால் ஏற்றிவைத்து, விசை அதை விழ வைக்க மட்டும் பயன்பட்டால் அது சிங்கிள் ஆக்ஷன். விசையே குதிரையை ஏற்றி, அதுவே விழவும் வைத்தால் டபுள் ஆக்ஷன். கையால் ஏற்றவே முடியாது, ஒவ்வொரு குண்டுக்கும் அந்த நீண்ட இழுப்பு ஒன்றுதான் வழி என்றால் அது டபுள் ஆக்ஷன் ஒன்லி, சுருக்கமாக டி.ஏ.ஓ.

இந்த வாதம் புதிதல்ல. 1851-ல் லண்டனில் ராபர்ட் ஆடம்ஸ் காப்புரிமை வாங்கிய ரிவால்வரில் கையால் குதிரையை ஏற்ற வழியே கிடையாது. அதே காலத்து கோல்ட் ரிவால்வரில் ஒவ்வொரு முறையும் கட்டைவிரலால் ஏற்றியே ஆக வேண்டும். நெருக்கத்தில் ஆடம்ஸ் வேகம், தூரத்தில் கோல்ட் துல்லியம் என்று அப்போதே இரண்டு கட்சி. சில ஆண்டுகளிலேயே இரண்டு வழியும் உள்ள பியூமாண்ட்-ஆடம்ஸ் வந்து சமரசம் செய்தது. பிறகு 1938-ல் பிரிட்டிஷ் ராணுவம் என்ஃபீல்டு ரிவால்வரின் குதிரையில் கட்டைவிரல் பிடிக்கும் வாலை வெட்டி டி.ஏ.ஓ. ஆக்கியது. டாங்கிக்குள் ஏறி இறங்கும்போது அந்த வால் கண்டதிலும் மாட்டிக்கொண்டது என்பதுதான் காரணம். வேலூர்க் கோட்டையில் 1806 ஜூலை 10 விடியற்காலையில் முழங்கிய சக்கிமுக்கித் துப்பாக்கிகளுக்கு இந்தக் கவலை எதுவும் இல்லை. அவற்றைக் கையால் ஏற்றாமல் சுடவே முடியாது.

நம் ஊர் நிலவரம் என்னவென்றால், கடையில் போய் "டி.ஏ.ஓ. கொடுங்க" என்று கேட்டு வாங்கும் நிலையில் இங்கே யாரும் இல்லை. ராணுவத் தோட்டா போடக்கூடிய 9 மி.மீ., .45 எல்லாம் தடை செய்யப்பட்ட ரகம். அமெரிக்கக்காரர்கள் பேசும் உள்குதிரை ஸ்மித் அண்ட் வெசன், ரூகர் எல்.சி.ஆர். போன்றவற்றைப் படத்தில் பார்த்துக்கொள்ளலாம். தற்காப்புக்கு என்று கலெக்டர் ஆபீஸில் மனு போட்டு உரிமம் வாங்கியவருக்குப் பெரும்பாலும் கிடைப்பது கான்பூர் .32 ரிவால்வர்: பழைய வெப்லி மாதிரி நடுவில் மடங்கித் திறக்கும் மார்க் 3, 2014-ல் வந்த 500 கிராம் நிர்பீக், 2023-ல் வந்த, தோட்டா நிற்கும் உருளை பக்கவாட்டில் திறக்கும் பிரபல். இவற்றில் குதிரையின் வால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஏற்றியும் சுடலாம், ஏற்றாமலும் சுடலாம். ஆகவே இங்கே டி.ஏ.ஓ. என்பது வாங்கும் பொருள் அல்ல, கைப்பழக்கம். துப்பாக்கிக்கு இரண்டு வழி இருந்தாலும் தற்காப்பு என்று வரும்போது ஒரு வழிதான் என்று கட்டைவிரலுக்குச் சொல்லி வைப்பது.

இரவு இரண்டு மணி

இப்படி வைத்துக்கொள்வோம். ஒடுகத்தூர்ப் பக்கம் நிலத்து வீடு. இரவு இரண்டு மணிக்கு மோட்டார் கொட்டகைப் பக்கம் தகரம் சரிகிற சத்தம். வீட்டுக்காரர் எழுந்து பெட்டியைத் திறந்து ரிவால்வரை எடுக்கிறார். எடுத்ததும் கட்டைவிரல் தன்னாலே குதிரையைப் பின்னுக்கு இழுக்கிறது. சினிமாவில் அப்படித்தான் பார்த்திருக்கிறார். 'க்ளிக்' சத்தத்தில் ஒரு தைரியமும் வருகிறது. வராண்டா விளக்கைப் போடுகிறார். கொட்டகை ஓரத்தில் இருந்து குரல்: "மாமா, நான்தான்! த்ரீ ஃபேஸ் வந்துடுச்சி, மோட்டார் போட வந்தேன்." அக்காள் மகன்.

ஆபத்து முடிந்தது என்று நினைப்போம். உண்மையில் அது இப்போதுதான் தொடங்குகிறது. அவர் கையில் இருப்பது குதிரை ஏறிய ரிவால்வர். ஏற்றாத நிலையில் 5 முதல் 6 கிலோ வரை இழுவை கேட்டிருக்கும் விசை, இப்போது 2 கிலோ அளவில் விழுந்துவிடும். நகர வேண்டிய தூரமோ இரண்டு மூன்று மில்லிமீட்டர் தான். வெயிலூர் என்று கேலி பேசும் ஊரில் மே மாதத்து இரவு, உள்ளங்கையெல்லாம் வியர்வை. இதயம் இன்னும் படபடக்கிறது. இந்தக் கையை வைத்துக்கொண்டு, உருளையில் தோட்டா நிரம்பிய அறை ஒன்றின்மேல் தூக்கி நிற்கும் குதிரையைக் கீழே இறக்க வேண்டும். இறக்குவதற்கு விசையை இழுத்தே ஆக வேண்டும். வேண்டுமென்றே விசையை இழுத்து, வெடிக்காமல் பார்த்துக்கொள்ளும் வேலை அது.

ஒழுங்காக இறக்கும் முறை இதுதான். குழல் முனை மண்ணைப் பார்த்து, ஆள் இல்லாத பக்கம் இருக்க வேண்டும். சிமெண்ட் தரை வேண்டாம், தெறிக்கும். இடது கைக் கட்டைவிரலைக் குதிரைக்கும் துப்பாக்கியின் உடற்சட்டத்துக்கும் நடுவே இடைவெளியில் வைக்க வேண்டும். வலது கட்டைவிரல் குதிரை வாலை அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். பிறகு விசையை மெல்ல இழுக்க வேண்டும். குதிரை பிடியில் இருந்து விடுபட்டது தெரிந்த கணமே ஆள்காட்டி விரலை விசையை விட்டு வெளியே எடுத்துவிட வேண்டும். அதற்குப் பிறகுதான் வலது கட்டைவிரல் குதிரையை மெல்ல இறக்க, இடது கட்டைவிரல் விலக வேண்டும். பலர் தவறுவது அந்த நடுக்கணத்தில். விசையை அழுத்தியபடியே குதிரையை முழுவதும் இறக்குகிறார்கள். அப்படிச் செய்தால், குதிரை தோட்டாவை அடிக்காமல் நிறுத்த உள்ளே இருக்கும் தடுப்பு வேலை செய்யாது. வியர்வையில் கட்டைவிரல் பாதியில் வழுக்கினால் குதிரை முழு வேகத்தில் போய் அடிக்கும். விரலை வெளியே எடுத்திருந்தால், வழுக்கினாலும் தடுப்பு நடுவே வந்து நிற்க வாய்ப்பு உண்டு. இத்தனையும் செய்துகொண்டிருக்கும்போது அக்காள் மகன் "இன்னா மாமா ஆச்சி?" என்று கிட்டே நடந்து வந்துகொண்டிருப்பான்.

அதே மனிதர் குதிரையைத் தொடாமலே வெளியே வந்திருந்தால்? குரலைக் கேட்டதும் கையைத் தாழ்த்திவிட்டு உள்ளே போயிருப்பார். இறக்குவதற்கு எதுவும் இல்லை. டி.ஏ.ஓ.வின் மொத்த வாதமும் இதற்குள்தான் இருக்கிறது என்பது என் கருத்து. விசை கனமாக இருப்பதால் வரும் பாதுகாப்பு இரண்டாம் பட்சம். 'சுடத் தயார்', 'சுடத் தயாரில்லை' என்று துப்பாக்கிக்கு இரண்டு நிலை இல்லாமல் போவதுதான் பெரிய லாபம். எடுத்தபோது எப்படி இருந்ததோ வைக்கும்போதும் அப்படியே இருக்கிறது. முதல் இழுப்பு எப்படியோ ஆறாவது இழுப்பும் அப்படியே.

வழக்குமன்றத்திலும் இதற்கு ஒரு எடை உண்டு. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் தற்காப்பு உரிமை 34 முதல் 44 வரையான பிரிவுகளில் வருகிறது. கவனக்குறைவால் மரணம் விளைவிப்பது 106. தற்காப்பு என்று சொல்பவர், 'தெரிந்துதான் சுட்டேன், வேறு வழி இல்லை' என்கிறார். கை தவறியது என்பவர், 'சுட நினைக்கவே இல்லை' என்கிறார். இரண்டையும் ஒரே வாயால் சொல்ல முடியாது. குதிரையை ஏற்றிப் பிடித்திருந்தார் என்று சாட்சி சொன்னால், உண்மையான தற்காப்பைக்கூட 'ரெண்டு கிலோ விசை, பதற்றத்தில் பட்டிருக்கும்' என்று எதிர்த்தரப்பு கவனக்குறைவுப் பக்கம் தள்ள முடியும். நீண்ட இழுப்பில் சுட்டது என்றால் அந்த வாதம் பலவீனமாகும். அமெரிக்காவில் 1980-களில் சில பெருநகரக் காவல் துறைகள் ரிவால்வர்களை டி.ஏ.ஓ. ஆக மாற்றியதற்கு இந்தச் சட்டச் சிக்கலும் ஒரு காரணம்.

கனம் என்ற சேஃப்டி

இனி மறுபக்கம். விசை கனமாக இருந்தால் விரல் உள்ளேயே இருக்கலாம் என்று நினைப்பவர்கள் ஒன்றை மறக்கிறார்கள். தடுக்கி விழும்போதோ, இடது கையால் கதவை வேகமாக இழுக்கும்போதோ வலது கையும் சேர்ந்து இறுகும். நன்றாக இருக்கும் ஓர் ஆணின் கைப்பிடி பல பத்துக் கிலோ பலம் கொண்டது. அந்த இறுக்கத்துக்கு 5 கிலோ ஒரு பொருட்டே இல்லை. கனமும் நீளமும் தருவது ஒரு சிறு அவகாசம் மட்டுமே, யோசித்துக்கொண்டே இழுக்கும் விரலுக்கு. யோசிக்காமல் இறுகும் விரலுக்கு அதுவும் இல்லை. சுட முடிவெடுக்கும் வரை விரல் துப்பாக்கியின் உடற்சட்டத்தின் பக்கவாட்டில் நீண்டு கிடக்க வேண்டும் என்ற விதி, விசை எந்த ரகமானாலும் மாறாது.

குறி தவறுவதுதான் டி.ஏ.ஓ.வுக்குக் கொடுக்கும் உண்மையான விலை. 500 கிராம் துப்பாக்கியின் விசைக்கு ஐந்தரை கிலோ இழுவை வேண்டுமென்றால், பொருளின் எடையைப் போல் பதினோரு மடங்கு பலத்தில் அதை இழுக்கிறோம், அது அசையக் கூடாது என்றும் எதிர்பார்க்கிறோம். குறி பார்க்கக் குழலின் மேல் இருக்கும் முன்குறிக்கும் பின்குறிக்கும் நடுவே 12 செ.மீ. என்று கணக்கு வைப்போம். இழுக்கும்போது முன்குறி 1 மி.மீ. விலகினால் 5 மீட்டரில் 4 செ.மீ. தள்ளிப் படும், ஹாலுக்குள் அது பரவாயில்லை. பழகாத கையில் விலகல் 4 மி.மீ. ஆவது சாதாரணம். அப்போது 5 மீட்டரில் ஏறக்குறைய 17 செ.மீ., 10 மீட்டரில் 33 செ.மீ. மனித மார்பின் அகலமே அவ்வளவுதான். வலது கைக்காரருக்குப் பெரும்பாலும் இடது கீழாகப் போகும், ஏனென்றால் விரலோடு மற்ற மூன்று விரல்களும் சேர்ந்து அமுக்குகின்றன.

நியூயார்க் காவல் துறை இதைப் பெரிய அளவில் செய்து பார்த்தது. 1993-ல் 9 மி.மீ. பிஸ்டலுக்கு மாறத் தொடங்கியபோது ரிவால்வர் பழகிய கைகளுக்காக டி.ஏ.ஓ. வகைகளைத் தேர்ந்தது, கிளாக் என்ற பிஸ்டலில் 12 பவுண்டு, அதாவது 5.4 கிலோ அளவுக்கு விசையைக் கனமாக்கியது. 2012 ஆகஸ்ட் 24 அன்று எம்பயர் ஸ்டேட் கட்டடத்துக்கு வெளியே, சில அடி தூரத்தில் துப்பாக்கி நீட்டியவனை நோக்கி இரண்டு போலீஸ்காரர்கள் 16 முறை சுட்டார்கள். அவன் இறந்தான். வழிப்போக்கர்கள் ஒன்பது பேருக்குக் காயம், பெரும்பாலும் தெறித்த துண்டுகளால். பழியை விசை மேல் மட்டும் போட முடியாது. பயிற்சி, நெரிசல், குண்டைத் தெறிக்க வைக்கும் கான்கிரீட் பூந்தொட்டி எல்லாம் இருந்தன. ஆனால் 12 பவுண்டு விசை மேல் இருந்த முணுமுணுப்பு அதற்குப் பிறகு உரத்துக் கேட்டது. 2021-ல் புதிதாகச் சேருபவர்களுக்கு அங்கே இலகுவான விசை கொடுக்க முடிவெடுத்தார்கள்.

நிர்பீக் விஷயத்தில் ஒரு விசித்திரம் உண்டு. பெண்களுக்கு ஏற்றது, கைப்பையில் வைக்கலாம் என்று எடையைக் குறைத்தார்கள். எடை குறைந்தால் தூக்கிப் போக எளிது, சுடக் கடினம். டபுள் ஆக்ஷனில் விசை முன்பக்கம் தள்ளி நிற்கும், சின்னக் கைக்கு விரல் எட்டாது. எட்டாததால் கையைத் திருப்பிப் பிடிப்பார்கள், குறி இன்னும் கெடும். மூட்டு வலி உள்ள வயதானவர்களுக்கும் இதே தொல்லை. அவர்களிடம் "குதிரையைத் தொடாதீங்க" என்று சொல்வது எளிது. பத்து முறை இழுக்கச் சொல்லிப் பார்த்தால் ஆறாவதில் இரண்டு விரலைப் போடுவார்கள். விசையை முழுவதும் இழுக்க முடியாத கைக்கு எந்த டி.ஏ.ஓ.வும் தற்காப்பு இல்லை. வாங்குவதற்கு முன் காலித் துப்பாக்கியைக் கையில் கொடுத்து இதைச் சோதிக்காமல் விற்பதும் வாங்குவதும் தப்பு.

விரலுக்கும் நாணயத்துக்கும்

கனமான விசையைப் பழக்கத்தால் பெரிய அளவு சரிக்கட்டலாம். பிடி முடிந்த அளவு மேலே இருக்க வேண்டும். கைக்கும் குதிரையின் அடிக்கும் நடுவே இடைவெளி தெரியக் கூடாது. சிங்கிள் ஆக்ஷனில் விரல் நுனிச் சதை போதும். இங்கே முதல் கணுவின் மடிப்பு விசையில் உட்கார வேண்டும், இல்லாவிட்டால் நெம்புகோல் பலம் கிடைக்காது. ஒரே ஓட்டமாக, கிணற்றில் வாளி இழுப்பது போல் நிற்காமல் இழுக்க வேண்டும். பாதி இழுத்து, உருளை பூட்டிக்கொண்ட இடத்தில் நிறுத்தி, குறி பார்த்து, மீதியைச் சுண்டுபவர்கள் உண்டு. பயிற்சி மைதானத்தில் அழகாகப் படும். அவசரத்தில் அந்த நிறுத்தம் வராது, சுண்டல் மட்டும் வரும். விடும்போதும் விசை முன்னால் முழுவதும் போக வேண்டும். பாதி விட்டு மறுபடி இழுத்தால் சில ரிவால்வர்களில் குதிரை ஏறாது, சிலவற்றில் ஓர் அறை தாண்டிப் போய்விடும். கிளாக்கில் சிறு அசைவில் மறுபடி தயாராகிவிடும் விசையைப் பழகிய போலீஸ் விரல்கள் ரிவால்வருக்கு வந்தால் இதில்தான் மாட்டுகின்றன.

தோட்டா வாங்க உரிமத்தில் எண்ணிக்கை வரம்பு உண்டு, விலையும் கூடுதல். அதனால் பழக்கம் பெரும்பாலும் காலியாகத்தான் நடக்கும். தோட்டாக்களை வேறு அறையில் பூட்டிவிட்டு, உருளையின் ஆறு அறைகளையும் கண்ணால் பார்த்து, விரல் விட்டுத் தடவி, கனத்த செங்கல் சுவர்ப் பக்கம் திரும்பி நின்று செய்ய வேண்டும். .32-க்குப் போலித் தோட்டா போட்டுக்கொண்டால் தோட்டாவைத் தட்டும் ஊசிக்கு நல்லது. .22 ரிவால்வரில் காலியாக இழுக்கவே கூடாது. ஊசி அறையின் விளிம்பிலேயே அடித்து அதை நசுக்கும். முன்குறிக்குப் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் ஒன்றை வைத்து இழுத்துப் பாருங்கள். விழாமல் பத்து இழுப்பு வந்தால் விரல் தேறிவிட்டது.

மெயின் ஸ்பிரிங்கை அரத்தில் தேய்த்து இலகுவாக்கிக் கொடுக்கும் கைவேலைக்காரர்கள் எங்கும் இருக்கிறார்கள். தேய்த்ததும் விசை வெண்ணெய் போல் வரும். குதிரை விழும் வேகமும் குறையும், தோட்டாவின் பின்னால் மெல்லிய குழி மட்டும் விழுந்து வெடிக்காமல் நிற்கும். ரிவால்வரில் மறுபடி இழுத்தால் அடுத்த தோட்டா வரும் என்பது ஆறுதல்; ஆனால் அந்த ஆறும் ஒரே ஸ்பிரிங்கை நம்பித்தான் இருக்கின்றன. சில டி.ஏ.ஓ. பிஸ்டல்களில் வெடிக்காத அதே தோட்டாவை இன்னொரு முறை அடிக்கலாம், பாதி ஏறிய நிலையில் நிற்கும் வகைகளில் அதுவும் முடியாது. ஸ்பிரிங்கைத் தொடாமல் சில நூறு காலி இழுப்பும், சுத்தம் செய்து ஊற்றும் ஒரு சொட்டு எண்ணெயும் கொடுக்கும் வழுவழுப்பு போதும். ஒரு சொட்டுக்கு மேல் ஊற்றினால் வெயிலில் இளகி உருளைக்குள் இறங்கி, தோட்டாவின் மருந்தைக் கெடுக்கும்.

உறை விஷயத்தில் நம் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் தவறுகிறார்கள். குரோம் போட்டுப் பதனிட்ட தோலில் மிச்சம் இருக்கும் உப்பு, ஈரத்தோடு சேர்ந்து இரும்பைத் தின்னும். ஆவாரம்பட்டை போல் மரப்பட்டையில் பதனிட்ட தோல்தான் உறைக்கு ஏற்றது. அதுவும் இடுப்பில் போகும்போது மட்டும். பெட்டிக்குள் துப்பாக்கியை உறையோடு வைக்கக் கூடாது. விசையை முழுவதும் மூடாத உறை வேண்டவே வேண்டாம். கனமான விசைதானே என்று திறந்த உறையில் செருகும்போது சட்டை முனை உள்ளே புகுந்து விசையில் மாட்டினால், உடம்பின் எடையே ஐந்தரை கிலோவைக் கொடுத்துவிடும். செருகும்போது கட்டைவிரல் குதிரை வால்மேல் இருக்கட்டும். ஏதாவது விசையை இழுத்தால் குதிரை எழும்புவது விரலில் உடனே தெரியும். குதிரையைத் தொடலாம் என்று சொல்லும் ஒரே இடம் அது.

தேர்தல் அறிவித்தால் துப்பாக்கி ஸ்டேஷனுக்குப் போய்விடும், திரும்பி வர வாரக்கணக்கு ஆகும். வாங்கி வந்த அன்று இரவே தோட்டா போட்டுத் தலைமாட்டில் வைத்துவிடுவது வழக்கம். முதலில் குழலுக்குள் விளக்கடித்துப் பார்த்து, உருளையைச் சுற்றி, துருவும் தூசும் துடைத்துவிட்டு, அந்த ஒரு ரூபாயை எடுத்து முன்குறிக்குப் பக்கத்தில் வையுங்கள். பெரும்பாலும் மூன்றாவது இழுப்பிலேயே விழும்.